ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த அகதிக் குழந்தைகள் புது நாட்டில் ஒட்டிக்கொண்டார்களா?

1917 புரட்சிக்கும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போருக்கும் பிறகு ரஷ்யாவைவிட்டு ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் புது நாடுகளில் எப்படிப் பொருந்திப்போனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சின்னப் பிள்ளைகளை எங்கே விட்டாலும் வளர்ந்துவிடும்’ என்று உங்கள் அப்பா சொல்வது அவர்கள் விஷயத்தில் உண்மையா என்றும் கேட்கிறீர்கள். எந்த நாட்டுக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற பட்டியல் உங்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொண்டார்களா, இல்லை யாராவது பாடுபட்டுப் பழக்கினார்களா என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கிறது. யாரோ பாடுபட்டார்கள் என்பதுதான் என் பதில். அப்படிப் பாடுபட்டவர்கள் ஒரு விஷயத்தில் தவறாகக் கணக்குப் போட்டார்கள், அதன் விலையையும் அந்தப் பிள்ளைகளே கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் பல வருடங்கள் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். ஆர்வத்தில் ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு, அப்புறம் இந்த அகதிகள் விட்டுப்போன எழுத்துகளுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டேன். குழந்தை உளவியல் படித்தவன் கிடையாது. ஆகவே ஒரு பிள்ளையின் மனதுக்குள் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்ன எழுதிவைத்தார்கள், பெரியவர்கள் அவர்களுக்கு என்ன செய்தார்கள், பிற்பாடு என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல முடியும்.

1920 நவம்பரில், ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் (கம்யூனிஸ்ட்) கட்சியை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றுப்போன ஜெனரல் ராங்கலின் வெள்ளைப் படை கிரிமியாவைக் காலி செய்தது. 126 கப்பல்களில் ஏறத்தாழ 1,46,000 பேர் கருங்கடலைத் தாண்டி கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) வந்தார்கள். சிப்பாய்களோடு குடும்பங்களும், ராணுவப் பள்ளி மாணவர்களும், வழியில் பெற்றோரைத் தொலைத்த பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். இது ஒரு வழி மட்டும்தான். போலந்து வழியாக, பின்லாந்து வழியாக, கிழக்கே மஞ்சூரியாவின் ஹார்பின் நகரம் வழியாக என்று எல்லாப் பக்கமும் மக்கள் வெளியேறினார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை சொல்கிறார்கள். அதில் குழந்தைகள் இத்தனை பேர் என்று யாராவது கச்சிதமாக ஓர் எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். எல்லா நாடுகளையும் சேர்த்து அப்படி யாரும் எண்ணிவைக்கவில்லை.

ஆனால் வேறொன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அது எண்ணிக்கையைவிட மேலானது. கப்பல்கள் வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, 1920 டிசம்பரில், அதெலைதா ஜெகுலினா என்ற கல்வியாளர் கான்ஸ்டான்டினோபிளில் இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்த நகரத்தில் அப்போது ரஷ்ய அதிகாரிகளின் பிள்ளைகள் தெருவில் நின்று செய்தித்தாளும் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பின், 1921 கடைசியில், பள்ளி ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் மொத்தமாகச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இடம் மாறியது. மொராவ்ஸ்கா த்ரெபோவா என்ற சின்ன ஊரின் ஓரத்தில், உலகப் போரின்போது போர்க்கைதிகளை அடைத்துவைத்திருந்த முகாமில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். சோறு, துணி, படுக்கை எல்லாம் செக் அரசு செலவு.

1923 டிசம்பர் 12 அன்று அந்தப் பள்ளியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இரண்டு பீரியடை ரத்து செய்து, எல்லா வகுப்புக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்தார்கள்: 1917 முதல் இந்தப் பள்ளியில் சேர்ந்த நாள் வரை என் நினைவுகள். யாரும் யாரோடும் கலந்து பேச நேரம் இல்லை. தயாரிப்பும் இல்லை. ஐந்நூறு பிள்ளைகள் எழுதினார்கள். அதைப் படித்த ஆசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள். செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் இருந்த ரஷ்யக் கல்விப் பணியகம் இதே தலைப்பைப் பல்கேரியா, யூகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளில் இருந்த ரஷ்யப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. 15 பள்ளிகளிலிருந்து 2,400-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. எழுதியவர்களின் வயது 8 முதல் 24 வரை. இருபத்துநான்கு வயது மாணவனா என்று கேட்பீர்கள். பதினைந்து, பதினாறு வயதில் துப்பாக்கி ஏந்திப் போருக்குப் போய், காயம்பட்டு, நாட்டைவிட்டு ஓடி, திரும்பவும் பள்ளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். முன்வரிசையில் பத்து வயதுப் பையன், பின்வரிசையில் போர்ப் பதக்கம் வாங்கியவன் என்பது அந்தப் பள்ளிகளில் சாதாரணக் காட்சி.

இந்தக் கட்டுரைகளைப் படித்தால் முதலில் உறைப்பது அவற்றின் தொனி. ராத்திரியில் கதவைத் தட்டி வீட்டைச் சோதனை போட்டது, அலமாரிகளைக் கவிழ்த்தது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது, அம்மா நகையை மாவுக்கு விற்றது, டைபஸ் காய்ச்சலோடு சரக்கு ரயிலில் போனது, கப்பலில் நிற்கக்கூட இடமில்லாமல் வந்தது. இதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அழுது எழுதவில்லை. இன்ன தேதியில் இன்ன ஊருக்குப் போனோம், அங்கே தங்கை இறந்தாள், அப்புறம் இன்ன ஊருக்குப் போனோம் என்கிற பாணி. அரசாங்க அறிக்கை எழுதுகிற கை மாதிரி ஒரு குழந்தையின் கை எழுதுகிறது. எனக்கு இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கிறது. பணியகத்தின் தலைவராக இருந்த வசீலி ஜென்கோவ்ஸ்கி தத்துவமும் குழந்தை உளவியலும் தெரிந்தவர். பிள்ளைகள் வெளியே அமைதியாக இருப்பதை வைத்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. உங்கள் அப்பா சொல்வதற்கு எதிராக எனக்குத் தெரிந்த மிக வலுவான சாட்சியம் இந்தக் கட்டுரைகள்தான். இவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், பரீட்சை எழுதினார்கள். இரண்டு மணி நேரம் காகிதமும் பேனாவும் கொடுத்த பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

சரி, இந்தச் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? தேடுதல், பசி, நோய், பிரிவு ஆகியவை நடந்தன என்பதில் சந்தேகமே இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒரே மாதிரி சொல்கிறார்கள். அதே சமயம், எழுதச் சொன்னவர்கள் போல்ஷெவிக்குகளால் எல்லாவற்றையும் இழந்த ஆசிரியர்கள். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தாய்நாடு, கடமை, திரும்பிப் போவோம் என்றெல்லாம் கட்டுரையின் கடைசிப் பத்தியில் வருகிற வரிகளைப் பெரியவர்களின் குரலாகவே நான் படிக்கிறேன். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரைகள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்த பிள்ளைகளுடையவை. வந்து சேராமல் பண்ணையிலும் பட்டறையிலும் கூலிக்குப் போன பிள்ளைகளை எழுதச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே நாம் பேசிக்கொண்டிருப்பது அதிர்ஷ்டக்கார அகதிகளைப் பற்றி என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். செக்கோஸ்லோவாக்கிய அதிபர் தொமாஷ் மசாரிக் ரஷ்யாவை ஆழமாகப் படித்தவர். 1917-ல் ரஷ்யாவிலேயே இருந்தவர். 1921-ல் அவர் தொடங்கிவைத்த ‘ரஷ்ய உதவித் திட்டம்’ பத்து வருடங்களுக்கும் மேலாக நடந்தது. 50 கோடி குரோனுக்கு மேல் செலவானது. போரில் இருந்து அப்போதுதான் பிறந்த ஒரு சின்ன நாட்டுக்கு இது பெரிய தொகை. ஆனால் அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் அகதிகளைச் செக் குடிமக்களாக்குவது இல்லை. போல்ஷெவிக் ஆட்சி சீக்கிரம் விழுந்துவிடும், அப்போது ரஷ்யாவைக் கட்டியெழுப்பப் படித்த ஆட்கள் வேண்டும், அவர்களை இங்கே தயார் செய்வோம் என்பதே எண்ணம். 1922-ல் பிராகில் ஒரு ரஷ்யச் சட்டக் கல்லூரியே திறந்தார்கள். அங்கே இளைஞர்கள் ஜார் காலத்து ரஷ்யச் சட்டத்தைப் பாடமாகப் படித்தார்கள். அந்தச் சட்டம் அப்போது ரஷ்யாவிலேயே நடைமுறையில் இல்லை.

பள்ளிகளிலும் இதே கதைதான். சோவியத் அரசு 1918-ல் ரஷ்ய எழுத்துமுறையைத் திருத்தி, சில எழுத்துகளை நீக்கிவிட்டது. அகதிப் பள்ளிகள் பலவற்றில் நீக்கப்பட்ட அந்த எழுத்துகளோடுதான் பிள்ளைகள் எழுதப் பழகினார்கள்; எந்தச் சொல்லில் எந்தப் பழைய எழுத்து வரும் என்று மனப்பாடம் செய்தார்கள். மொராவ்ஸ்கா த்ரெபோவாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த ஊர் செக் நாட்டில் இருந்தாலும் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். பள்ளி வளாகத்துக்குள் ரஷ்ய மொழி, அரசாங்கத்தின் மொழி செக், கடைத்தெருவில் ஜெர்மன். விடுதியில் இருந்த பிள்ளை எந்த நாட்டோடு ஒட்டிக்கொள்வது?

இதைச் சொல்லி அந்த ஆசிரியர்களைக் குறை கூறுவதாக நினைக்காதீர்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. மூன்று நான்கு வருடம் அலைந்து திரிந்த பிள்ளைக்குத் தினமும் ஒரே நேரத்தில் அடிக்கிற மணி, ஒரே கட்டில், தன் பேச்சு புரிகிற ஆசிரியர், ஒரு நாடகம், ஒரு பாட்டுக் குழு ஆகியவைதான் அப்போது உடனடி மருந்து. நேரடியாக ஓர் அந்நியப் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் இவர்களில் பலர் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் கணிப்பு. இதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் எழுபது எண்பது வயதிலும் அவற்றைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த மருந்து ‘தற்காலிகம்’ என்ற எண்ணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதுதான் வினையாகப் போனது.

யூகோஸ்லாவியாவில் இந்த எண்ணம் இன்னும் தீவிரமாக இருந்தது. அரசர் அலெக்சாண்டர் பீட்டர்ஸ்பர்க்கில் ராணுவப் பள்ளியில் படித்தவர். தப்பிவந்த ராணுவப் பள்ளிகளைச் சீருடையோடும் கொடியோடும் அப்படியே ஏற்றுக்கொண்டார். பேலா சர்க்வா என்ற ஊரிலும் சரயேவோவிலும், அழிந்துபோன ஒரு பேரரசின் படைக்குப் பையன்கள் பயிற்சி எடுத்தார்கள்.

பிரான்ஸ் வேறு ரகம். உலகப் போரில் லட்சக்கணக்கான ஆண்களை இழந்திருந்த நாட்டுக்கு உழைக்கும் கைகள் வேண்டும். அகதிப் பள்ளி நடத்தித் தரவேண்டும் என்று அரசு நினைக்கவில்லை. அப்பாக்கள் பாரிஸ் ஓரத்துப் பியான்கூரில் ரெனோ கார் தொழிற்சாலைக்கும் டாக்சி ஓட்டவும் போனார்கள். அம்மாக்கள் தையல் வேலை செய்தார்கள். பாரிஸில் ஒரு ரஷ்ய மேல்நிலைப் பள்ளி இருந்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தெருமுனையில் இருந்த பிரெஞ்சுப் பள்ளிக்கே போனார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, சர்ச் கூடத்திலோ யாருடைய வீட்டிலோ ‘வியாழக்கிழமைப் பள்ளி’ நடத்தினார்கள்: ரஷ்ய மொழி, ரஷ்ய வரலாறு, மத போதனை. ஊரார் பிள்ளைகள் பந்து விளையாடுகிற நாளில் இவர்களுக்கு இலக்கணம். சில வருடங்களில் பிள்ளைகள் தமக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் பதறினார்கள். பிள்ளைகள் ரஷ்யர்களாகவே இல்லாமல் போய்விடுவார்கள் என்ற பயம் 1920-களின் அகதிப் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் பிறந்தநாளை ஒட்டி ‘ரஷ்யப் பண்பாட்டு நாள்’ கொண்டாடும் வழக்கம் 1920-களின் நடுவில் நாடு நாடாகப் பரவியது இந்தப் பயத்திலிருந்துதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. கட்டாயம் சொல்ல வேண்டியது. 1918-ல் பெட்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) பஞ்சம் என்று ஏறத்தாழ 800 பிள்ளைகளைப் பெற்றோரே கோடை விடுமுறைக்கு யூரல் பக்கம் அனுப்பிவைத்தார்கள். அங்கே சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கை. மே மாதத்தில் சைபீரிய ரயில் பாதையை ஒட்டி செக்கோஸ்லோவாக்கியப் படைப்பிரிவு கலகம் செய்தது. போர்முனை நடுவில் விழுந்தது, பிள்ளைகள் மறுபக்கம் மாட்டிக்கொண்டார்கள். (பின்னாளில் வேறு ரஷ்யப் பிள்ளைகளை அன்போடு தாங்கிய மசாரிக்கின் நாட்டுக்காக உருவான படைதான் அது.) அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைத் தேடித் திரட்டி, விளாதிவோஸ்தோக் வரை கொண்டுபோய்க் காப்பாற்றியது. மேற்கே போக வழியில்லாததால் 1920 ஜூலையில் யோமெய் மாரு என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பலில் ஏற்றி, பசிபிக்கைத் தாண்டி, சான் பிரான்சிஸ்கோ, பனாமா கால்வாய், நியூயார்க் என்று உலகைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில், பிள்ளைகளை பிரான்ஸில் இறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் பெரிய பிள்ளைகள் எதிர்த்து மனுப் போட்டார்கள். எங்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். கடைசியில் திட்டம் மாறியது. கப்பல் பின்லாந்துக்குப் போனது. அங்கிருந்து எல்லை தாண்டிச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பெற்றோரிடம் சேர்ந்தார்கள். பெரியவர்கள் ‘பாதுகாப்பான நாடு’ என்று எதைத் தேர்ந்தாலும், பிள்ளைகளுக்கும் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

நாடு திரும்பாதவர்கள் வளர்ந்து ஆளானபோதுதான் அந்தத் தவறான கணக்கு வெளியே வந்தது. சோவியத் அரசு 1921 டிசம்பரில் வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டது. 1922-ல் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர் பிரிட்ஜோஃப் நான்சென் முயற்சியில் நாடற்றவர்களுக்கான அடையாளச் சான்று வந்தது; நான்சென் பாஸ்போர்ட் என்று சொல்வார்கள். அதை வைத்துப் பயணம் போகலாம். ஆனால் கொடுத்த நாடு திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்ற உத்தரவாதம்கூட முதலில் அதில் இல்லை. ஏதாவது ஒரு நாட்டின் குடியுரிமை வாங்குவதைத் துரோகமாக நினைத்த பெற்றோர்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளை படித்து முடித்து வேலை தேடும்போது உலகப் பொருளாதாரமே சரிந்து கிடந்தது. பிரான்ஸ் 1932-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விகிதவரம்பு விதித்தது. பிரெஞ்சுப் பிள்ளைகளோடு பிரெஞ்சிலேயே படித்தவன், அலுவலகத்தில் காகிதத்தை நீட்டும்போது அந்நியன். செக் நாட்டில் உதவித் திட்டம் சுருங்கியது. மொராவ்ஸ்கா த்ரெபோவா பள்ளியும் 1930-களின் நடுவில் முடிந்தது. 1945-ல் சோவியத் படை பிராகுக்குள் வந்தபோது, இருபத்தைந்து வருடம் அங்கே வாழ்ந்த ரஷ்ய அகதிகள் பலர் கைதானார்கள். பேலா சர்க்வா ராணுவப் பள்ளி 1944-லேயே மறுபடி மூட்டை கட்டியிருந்தது. குழந்தையாக ஒரு தடவை அகதி, பெரியவனாகி மறுபடியும் அகதி.

‘ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே’ என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறார்கள். நான்கு வயதில் ரஷ்யாவைவிட்டு வந்த இலியா பிரிகோஜின் பெல்ஜியத்தில் வளர்ந்து 1977-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நிகோலா த ஸ்தால் என்ற ஓவியருடைய குடும்பம் 1919-ல் வெளியேறியது. சில வருடங்களில் அப்பாவும் அம்மாவும் இறந்துபோக, பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பம் அவரையும் சகோதரிகளையும் எடுத்து வளர்த்தது. 1955-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதற்கும் குழந்தைப் பருவத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த முடிச்சுக்கு ஆதாரம் கிடையாது. கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவாவின் மகள் அரியாத்னா மொராவ்ஸ்கா த்ரெபோவா பள்ளியில் சில மாதங்கள் படித்தவர். 1937-ல் விரும்பி சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். இரண்டு வருடத்தில் கைதாகி, முகாமும் நாடுகடத்தலுமாக 1955 வரை கழிந்தது. தனி மனிதர்களின் கதைகளைக் கோத்து ஒரு சூத்திரம் செய்ய முடியாது என்பதற்காகத்தான் இந்த மூவரையும் அடுத்தடுத்துச் சொன்னேன்.

உங்கள் அப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: மொழி விஷயத்தில் அவர் சொல்வது சரி. பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் பிரெஞ்சு பேசினார்கள், கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனார்கள். மற்றதெல்லாம், ஒரு ஜெகுலினா தெருவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்ததால், ஓர் அரசாங்கம் பத்து வருடம் பணம் கொடுத்ததால், சம்பளம் சரியாக வராத ஆசிரியர்கள் வியாழக்கிழமையும் வேலை செய்ததால் நடந்தது.

அந்தக் கட்டுரைகள் பிராகில் இருந்த ரஷ்ய அகதி ஆவணக் காப்பகத்தில் இருந்தன. போர் முடிந்ததும் காப்பகம் மொத்தமும் மாஸ்கோவுக்குப் போனது. பல பத்தாண்டுகள் யாரும் எடுத்துப் பார்க்க முடியாமல் கிடந்து, 1997-ல் அங்கேயே பெரிய தொகுப்பாக அச்சில் வந்தது. ரஷ்ய மொழி ஆரம்ப நிலையில் தெரிந்தால்கூட, கீழ்வகுப்புப் பிள்ளைகள் எழுதிய அரைப்பக்கக் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். வாக்கியங்கள் சின்னவை, அகராதி வைத்துப் படித்துவிடலாம். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாலைந்து கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்து அனுப்புகிறேன்.